டெக்விப் அனுபவச் சான்றிதழ்: ஒரு தாளுக்காக இரண்டு முறை பீகார்

பொறியியல் கல்வியின் தரத்தை உயர்த்த மத்திய அரசு நடத்திய டெக்விப்-3 திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இன்னும் அனுபவச் சான்றிதழுக்காக அலைகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ரயில் ஏறுங்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் பெரம்பூரிலிருந்து பாட்னாவை ஒட்டிய தானாபூருக்கு இரண்டு தடவை போய்வந்தேன்.

வேலையில் சேர்ந்த கதையில் ஒரு சிக்கலும் இல்லை. உலக வங்கியின் 20.15 கோடி டாலர் கடனுதவியோடு நடந்த திட்டம். ஐஐடி, என்ஐடிகளில் படித்த 1,200க்கும் மேற்பட்டவர்களை மாதம் 70,000 ரூபாய் சம்பளத்தில் பீகார், ஜார்க்கண்ட், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களின் அரசு பொறியியல் கல்லூரிகளுக்கு உதவிப் பேராசிரியர்களாக அனுப்பினார்கள். நான் சிவில். 2018 ஜனவரியில் பீகாரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

2021 மார்ச் 31ஆம் தேதி திட்டம் முடிந்தது. அன்றைக்கே சான்றிதழை வாங்காததுதான் நான் செய்த பெரிய தப்பு. தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள், நம்பினேன். அடுத்த மாதமே கொரோனா இரண்டாம் அலை. அதன் பிறகு எத்தனை முறை போன் செய்தாலும் அலுவலகத்தில் ஒரே பதில்தான்: நீங்கள் திட்டத்து ஆள், சம்பளம் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். மூன்று வருடம் அங்கே சர்வேயிங்கும் கட்டுமானவியலும் நடத்தியிருக்கிறேன். இரவு பத்து மணிக்கு வந்து சந்தேகம் கேட்ட பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்திருக்கிறேன். அந்தப் பதில் இன்னும் வலிக்கிறது.

முதல் பயணம் நவம்பரில். தீபாவளி முடிந்துவிட்டதே என்று கிளம்பினேன். தமிழ்நாட்டுக்காரனுக்குத் தெரியாத விஷயம் சத் பூஜை, தீபாவளி முடிந்த சில நாளில் சூரியனை வணங்கும் பண்டிகை. அந்த வாரம் பீகாரில் எந்த அலுவலகமும் ஓடாது. பூட்டிய கதவைப் பார்த்தபடி ஐந்து நாள் லாட்ஜில் கிடந்தேன். ஆறாவது நாள், அங்கே 'படா பாபு' என்று அழைக்கப்படும் தலைமை எழுத்தர் நாலு வரியில் ஒரு சான்றிதழ் அடித்துக் கொடுத்தார். நீல மையில் எண், வட்ட முத்திரை, முதல்வர் கையெழுத்து எல்லாம் இருந்தன. சந்தோஷத்தில் சரியாகப் படிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊரில் ஒரு கல்லூரி நேர்காணலில், சான்றிதழ் சரிபார்த்தவர் பேனா முனையை ஒரு சொல்லில் வைத்தார். 'கெஸ்ட் ஃபேக்கல்டி', அதாவது கௌரவ விரிவுரையாளர். "சார், இது கணக்குல வராதுங்க" என்றார். மூன்று வருடமும் போச்சு.

அதன் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறையில் 10ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். ஒப்பந்தப் பணியும் முன்அனுபவமாகச் சேரும். ஆனால் உரிய கல்வித்தகுதி இருக்க வேண்டும், முறையாக அமைத்த தேர்வுக்குழு தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. ஆகவே 'முழுநேர உதவிப் பேராசிரியர்', 'தேர்வுக்குழு மூலம் நியமனம்', மாதச் சம்பளத் தொகை, சேர்ந்த தேதி, விடுவித்த தேதி எல்லாம் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். அவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வரைவை நீங்களே அடித்துப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். கூடவே வேலை விளம்பரம், நியமனக் கடிதம், நான் வேலையில் சேர்ந்ததைக் குறித்துக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சேர்க்கை அறிக்கை, வருமான வரிப் பிடித்தத்துக்கான படிவம் 16, வங்கி ஸ்டேட்மென்ட். திட்டத்து ஆள் என்ற பேச்சை அடக்கியது அந்தச் சேர்க்கை அறிக்கைதான்.

2022 பிப்ரவரியில் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். படா பாபு வரைவைப் படித்தார், தலையாட்டினார். நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்புறம் ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்தார். திட்டப் பணத்தில் சர்வே லேபுக்கு வாங்கிய டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி இன்னும் என் பெயரில் இருந்தது. கருவி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதை நிறுத்தும் முக்காலியான ட்ரைபாட் மட்டும் இல்லை. அது வராமல் நோ டியூஸ், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, கிடையாது என்றுவிட்டார்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பைக்கோடு வந்து சேர்ந்தான். லேப், டிராயிங் ஹால், ஸ்டோர் எல்லாம் புரட்டினோம். கடைசியில் வளாகத்தின் ஓரத்தில் புதிதாக எழும்பும் கட்டடத்தில், ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. லெவல் பார்க்க யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று காலிலும் சிமென்ட் காய்ந்து ஒட்டியிருந்தது, ஒரு திருகு அசையவே இல்லை. பையன் தரையில் உட்கார்ந்து பைக் சாவியால் சுரண்டிச் சுரண்டி அதைத் திறந்தான். தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால்.

அன்றே கையெழுத்தாயிற்று. இந்த முறை வாசலிலேயே நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். திட்டத்தில் வாங்கிய பொருளை ஒப்படைக்கும்போது வாங்கிக்கொள்பவரின் கையெழுத்தை ரிஜிஸ்டரிலேயே போடச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

அதே சரிபார்ப்பு மேசைக்கு மறுபடி போனேன். அவர் தேர்வுக்குழு வரியில் ஒரு டிக், சம்பள வரியில் ஒரு டிக் போட்டு, ஓரத்தில் '3 வருடம் 2 மாதம்' என்று எழுதினார்.

என் வரைவு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரையும் தேதிகளையும் மாற்றினால் போதும்.