லுக்லாவுக்குப் பறக்காமல் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்

அண்ணிக்கு விமானம் என்றால் பயம் கிடையாது. லுக்லா என்றால்தான் பயம். எவரெஸ்ட் பக்கம் நடக்கப் போகிறவர்கள் வந்திறங்கும் நேபாள மலை விமான நிலையம் அது. 527 மீட்டர் ஓடுபாதை, அதுவும் சரிவாக. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம். வீடியோவைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார்: "பேஸ் கேம்ப்புக்கு வர்றேன். ஆனா அந்த டப்பாவுல ஏற மாட்டேன்."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. லுக்லா விமானங்கள் மேகம் இறங்கினால் கிளம்பாது. சீசன் நேரத்தில் பல விமானங்கள் காட்மண்டுவிலிருந்தே போவதில்லை. நள்ளிரவில் ஜீப் பிடித்து ராமேசாப் மந்தலி வரை போய் அங்கிருந்து ஏற வேண்டும். எப்படியும் ஜீப்பில் குலுங்கத்தான் வேண்டுமென்றால் ஒரேயடியாகக் குலுங்கிவிடலாமே. 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் போன குழு காட்மண்டு பள்ளத்தாக்கிலிருந்தே நடந்துதான் போனது. லுக்லாவில் ஓடுபாதை வந்தது 1964-இல்.

பயிற்சி ஐந்து மாதம். சென்னையில் மலைக்கு எங்கே போவது? அடுக்ககத்து மாடிப்படி, சனிக்கிழமை தோறும் திருக்கழுக்குன்றம். ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை முதுகில் எட்டு கிலோவோடு மூன்று முறை ஏறுவோம். மார்ச்சில் ஒரு தடவை பெரிய மலையேற்றம். ஏறி இறங்கிய மறுநாள் நான் கட்டிலிலிருந்து எழக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அண்ணி அன்றைக்கே பள்ளிக்கூடம் போய் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அவருக்கு வயது 48, எனக்கு 39. இதை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஏப்ரல் முதல் வாரம் சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து சுனவுலி எல்லை, எல்லை தாண்டிக் காட்மண்டுவுக்குப் பஸ். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூங்கினோம், வியர்த்தோம், டீ குடித்தோம். நமக்கு நேபாளத்துக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது.

காட்மண்டுவின் சாபஹில் பகுதியிலிருந்து அதிகாலையில், நாங்கள் நடையைத் தொடங்கவிருந்த சல்லேரிக்கு ஜீப் கிளம்பியது. துலிகேல் தாண்டியதும் பி.பி. நெடுஞ்சாலை, ஜப்பான் உதவியோடு கட்டிய சாலை, அகலம் குறைவு, வளைவுகள் மட்டும் தாராளம். பின் சீட்டில் நாலு பேருக்கு நடுவில் ஒரு கோழிக்கூடை. குர்மியைத் தாண்டி ஒகல்துங்கா ஏறும்போது அண்ணி புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர், சல்லேரியில்தான் திறந்தார். பதின்மூன்று மணி நேரம்.

சல்லேரி 2,390 மீட்டர். ஜீப் சாலை இப்போது இன்னும் மேலே, சுர்கே பக்கம் வரை நெருங்கிவிட்டது. ஜீப்பிலேயே போய் நாலு நாள் நடையை மிச்சப்படுத்தலாம். நாங்கள் வேண்டுமென்றே சல்லேரியில் இறங்கினோம். விடுதிக்கார அக்கா ஒரு பையனைச் சுமை தூக்க ஏற்பாடு செய்துகொடுத்தார். இருபத்திரண்டு வயது, ராய் இனத்துப் பையன். நேபாளியில் அக்கா 'தீதி', தம்பி 'பாய்', அண்ணன் 'தாய்'. வழியில் மீசைக்காரக் கோவேறு கழுதைக்காரரை "தாய்!" என்று கூப்பிட எனக்கு மூன்று நாள் ஆயிற்று; சிரிப்பு வந்துவிடும்.

முதல் நாள் ரிங்மோ வரை. ஆப்பிள் தோட்டங்கள் பூத்திருந்தன, விடுதியில் வீட்டு ஆப்பிள் ஜாம். இரண்டாம் நாள் தக்சிந்து கணவாய், 3,071 மீட்டர். மேலே ஏறியதும் நாங்கள் இருவரும் கைகொடுத்துக்கொண்டோம், ஏதோ சாதித்த மாதிரி. பாய் ஒன்றும் சொல்லாமல் கீழே கையைக் காட்டினான். கீழே, வெகு கீழே, தூத்கோசி ஆறு. பாலம் கிட்டத்தட்ட 1,500 மீட்டரில் இருக்கிறது. ஏறியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இறங்க வேண்டும்.

இறக்கம் என்னை உடைத்தது. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருந்தது. பயிற்சியில் ஒரு தப்புச் செய்திருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறும்போது மணி பார்ப்பேன், இறங்கும்போது பேசிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து ஓடி வருவேன். இறங்குவதை நான் பயிற்சியாகவே கணக்கில் எடுக்கவில்லை. நுந்தலாவில் அன்று இரவு முட்டி இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

கோவேறு கழுதைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைச் சொல்ல முடியாது. கழுத்தில் மணி, முதுகில் கேஸ் சிலிண்டர், அரிசி, சிமென்ட். இருபது முப்பதாக வரும். மணிச்சத்தம் கேட்டதும் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் ஒரு சிலிண்டர் இடித்தாலே போதும், ஆள் கீழே. பாதை முழுக்கச் சாணியும் மண்ணும் கலந்த சேறு, காய்ந்த இடத்தில் அதே கலவை புழுதியாக மூக்குக்குள். காரிகோலாவிலிருந்து ஏறும் நாள் முழுக்க அண்ணி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரி நடந்தார்.

அந்த ஏற்றத்தில்தான் பாய் ஓய்வெடுக்கும் விதத்தைக் கவனித்தேன். அவன் உட்காரவே மாட்டான். முதுகில் 'தோக்கோ' கூடை, அதைத் தாங்கும் பட்டை நெற்றியில். கையில் 'டி' வடிவத்தில் குட்டையாக ஒரு கட்டை, 'தொக்மா' என்கிறார்கள். நிற்க வேண்டிய இடம் வந்ததும் அந்தக் கட்டையைப் பின்னால் கொண்டுபோய்க் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுப்பான். எடை முழுதும் கட்டைக்குப் போய்விடும். கழுத்தைப் பட்டையிலிருந்து தளர்த்தி, உதட்டைக் குவித்து விசில் மாதிரி ஒரு மூச்சை விடுவான். முப்பது எண்ணுவதற்குள் மறுபடி நடை. கூடையைக் கீழே இறக்கினால் திரும்பத் தூக்குவதற்கே பாதிச் சக்தி போய்விடுமாம். அன்று மதியத்திலிருந்து நானும் உட்காரவில்லை. பாறையில் பையை முட்டுக்கொடுத்து நின்று, முப்பது எண்ணி, கிளம்பினேன். என் நடை முதன்முதலாகச் சீரானது அங்கேதான்.

ஐந்தாம் நாள் சுர்கேக்கு இறங்கி, சௌரிகர்கா வழியாகச் செப்லுங் ஏறினோம். லுக்லாவிலிருந்து வரும் பாதை சேரும் இடம். அன்று காலை விமானத்தில் வந்திறங்கியவர்கள் வரிசையாக வந்தார்கள். வெள்ளை ஷூ, மடிப்புக் கலையாத கால்சட்டை, சோப்பு வாசனை. அண்ணி திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். சல்லேரியிலிருந்து இதுவரை ஏறியது கிட்டத்தட்ட 2,400 மீட்டர், இறங்கியது 2,100-க்கு மேல். "அஞ்சு நாள் நடந்து நிகர லாபம் இருநூத்தி எழுபது மீட்டர். எந்தக் கடைக்காரனும் இப்படி ஒரு வியாபாரம் பண்ண மாட்டான்டி."

ஆனால் அந்தக் கடைசி ஏற்றத்தில் நாங்கள் எல்லோரையும் முந்திப் போய்க்கொண்டிருந்தோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்கா வாசல். சார்க் நாட்டவர்களுக்குச் சலுகைக் கட்டணம், 1,500 நேபாள ரூபாய், வரி தனி. அப்புறம் தொங்கு பாலங்கள், நாம்சே ஏற்றம். நாம்சே 3,440 மீட்டர். அங்கே ஒரு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் படுப்பதில்லை, மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்குவது. கும்ஜுங் வரை போய் ஹிலாரி 1961-இல் தொடங்கிய பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். வழியில் மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்கள் வந்தால் வலம் வருவதுபோல அது நம் வலப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தெங்போச்சே, பிறகு திங்போச்சே, 4,410 மீட்டர். இங்கே இன்னொரு ஓய்வு நாள் என்பதுதான் திட்டம். நான்தான் வேண்டாமென்றேன். கால் அவ்வளவு நன்றாக இருந்தது. எல்லோரையும்விட நாங்கள் ஐந்து நாள் அதிகமாக நடந்திருக்கிறோம், உடம்பு பழகியிருக்கும் என்று வாதாடினேன். பாய் "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றான், மெதுவாக என்று அர்த்தம். அண்ணியின் ஆக்சிஜன் அளவு விரல் மானியில் 85. எனக்கு 88. போகலாம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

துக்லா மேட்டில் மலையில் இறந்தவர்களுக்கு எழுப்பிய கல் நினைவுகள் வரிசையாக நிற்கின்றன. 1999-இல் ஆக்சிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்ட் உச்சியில் 21 மணி நேரம் தங்கிய பாபு சிரி ஷெர்பாவுக்கும் அங்கே ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே மலையில்தான் இறந்தார். அந்த இடத்தில் அண்ணி பேசாமல் உட்கார்ந்திருந்தார். மனசு பாரம் என்று நினைத்தேன். லோபுச்சே வந்ததும் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். "தலைக்குள்ள பம்பு செட்டு ஓடுது." இரவு இரண்டு முறை வாந்தி. விரல் மானி 71 காட்டியது. தடுமாறாமல் நேர்கோட்டில் நடக்க முடிகிறதா என்று விடுதி நடைபாதையில் நடக்கவைத்துப் பார்த்தோம். நடந்தார், ஆனால் சுவரைத் தொட்டபடி.

மார்ச்சில் மலையேறிய மறுநாளே கணக்கு எடுத்த மனுஷி. கால்வலு வேறு, உயரத்துக்கு உடம்பு பழகுவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். சல்லேரியிலிருந்து நடந்ததெல்லாம் மூவாயிரம் மீட்டரைச் சுற்றியும் அதற்குக் கீழேயும்தான். அது காலுக்கும் நெஞ்சுக்கும் உரம், நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் அதைக் காட்டிச் சலுகை வாங்க முடியாது. மூவாயிரத்துக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் நிற்க வேண்டும் என்ற விதி சல்லேரியிலிருந்து நடந்து வந்தவருக்கும் அதேதான்.

விடிந்ததும் கீழே பெரிச்சேக்கு இறங்கினோம். அண்ணியின் பையைப் பாய் தன் கூடை மேல் கட்டிக்கொண்டான். இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை 1973 முதல் அங்கே இயங்குகிறது. சீசனில் தன்னார்வ மருத்துவர்கள் இருப்பார்கள், மதியம் உயர நோய் பற்றி வகுப்பும் உண்டு. மருத்துவர் சோதித்துவிட்டு மாத்திரை கொடுத்தார், தலைவலி முழுசாக நிற்காமல் மேலே ஒரு அடி வைக்கக் கூடாது என்றார். பாதி வழி இறங்கும்போதே அண்ணிக்கு முகம் தெளிந்துவிட்டது. இரண்டு இரவு தங்கினோம். மதிய வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது முறை லோபுச்சே ஏறியபோது நாங்கள்தான் வரிசையில் கடைசி. மூன்று அடிக்கு ஒரு மூச்சு. மறுநாள் கோரக்ஷெப், 5,164 மீட்டர். கிட்டத்தட்ட 83 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் உயரம், வெறும் பானையில் அரிசி வேகாது. சமையலறையிலிருந்து குக்கர் விசில் கேட்டது. அண்ணி எண்ணினார்: ஏழு. தால் பாத், அதாவது பருப்பும் சோறும், விலை ஆயிரம் நேபாள ரூபாயை நெருங்கியிருந்தது. கேட்டால் இரண்டாவது தடவையும் பரிமாறுவார்கள் என்பதால் வருத்தமில்லை.

பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பனியாற்றின் மேல் கிடக்கும் கற்குவியல்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள், பெயர் எழுதிய ஒரு பெரிய பாறை, படம் எடுக்க வரிசை. அங்கிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. அதற்குக் காலாபத்தர் ஏற வேண்டும். தெரிவது கும்பு பனியருவி, அருவிபோல உடைந்து இறங்கும் பனியாறு. வீடு உயரத்துக்குப் பனிப்பாளங்கள், அவ்வப்போது உள்ளேயிருந்து மரம் முறிவதுபோல ஒரு சத்தம். அண்ணி பாறை வரிசையில் நிற்கவில்லை. ஒரு கல்லில் பையை முட்டுக்கொடுத்து நின்றபடி பனியருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். விரல் மானி அவருக்கு 79, எனக்கு 77.

"உனக்குத்தான் கம்மி. உக்காரு" என்றார்.

காலாபத்தரை விட்டுவிட்டோம். என் முட்டி இறக்கத்துக்கு மிச்சம் வேண்டுமென்று சொன்னது, இந்த முறை கேட்டேன். திரும்பும்போது சுர்கேயைத் தாண்டியதும் ஜீப் ஏறிவிட்டோம், அதில் எந்த வெட்கமும் இல்லை. சல்லேரியில் பாயிடம் அவனுடைய தொக்மாவைக் கேட்டேன், விலைக்கு. சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டான். அவன் அப்பா செய்ததாம்.

ஊர் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது முட்டி சரியாகிவிட்டது, வலது முட்டி படியில் மட்டும் முனகுகிறது. சனிக்கிழமை மறுபடி திருக்கழுக்குன்றம் போனோம். இப்போது மணி பார்ப்பது இறங்கும்போது: கைப்பிடியைத் தொடாமல், ஒரு படிக்கு ஒரு மூச்சு, பையில் எட்டு கிலோ. முதல் நாள் பத்தொன்பது நிமிடம். பின்னால் வந்த அண்ணி இருபத்தொன்று. "மெதுவாத்தான் வந்தேன், வேணும்னே" என்றார்.