திருமலையில் சட்டை கழற்றும் இடங்கள்

திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்குப் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு அண்ணை சொன்னது ஒன்றுதான்: "இரவில பஸ் ஸ்ராண்டில கவனம் தம்பி." அதனால் வவுனியாவில் காலை பஸ் ஏறி, முதுகுப் பையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, ஹொரவப்பொத்தானை வழி முழுக்கக் கண் மூடாமல் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்களோடு வந்த மாமி மட்டும் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். அவருடைய காசு சீலைத் தலைப்பில் முடிச்சாக இருந்தது.

அன்று பின்னேரம் கோணேசர் கோயில். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். ஊரின் பெரிய கொள்ளை நடந்த இடம் இது: 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் கொண்டே கோட்டை கட்டினார்கள். நான் பேர்ஸைத் தடவிப் பார்த்தபடி அந்த வாசலால் நுழைந்தேன். உள்ளே முதல் திருட்டு மானுடையது. மனைவி அர்ச்சனைத் தட்டைச் சரிசெய்யக் குனிந்த நேரம், ஒரு புள்ளிமான் பையோடு வாழைப்பழத்தை இழுத்துவிட்டது.

கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டிக்குப் பொக்கற் கிடையாது. போனும் காசும் இருக்கிற சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினால் சட்டை எங்கே நிற்கும்? நான் ஒற்றைக் கையால்தான் கும்பிட்டேன். சம்பந்தர் பாடிய கோணமாமலையில் கும்பிடும் முறை அதுவல்ல, தெரியும்.

இவ்வளவு கவனமாக இருந்தவன் அடுத்த நாள் கன்னியாவில் கோட்டை விட்டேன்.

கன்னியா வெந்நீரூற்று நகரத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்சத் தூரம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் தேடி வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்று கதை. ஏழு கிணறும் சின்னச் சதுரக் கட்டுகள், அடி தெரியும் ஆழம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போவார்கள். நானும் சாரத்துக்கு மாறி, காற்சட்டையையும் சட்டையையும் மடித்து முதல் கிணற்றுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தேன். பேர்ஸ் காற்சட்டைக்குள். இரண்டாவது கிணறு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது நல்ல சூடு. தலையில் ஊற்றும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க யாரால் முடியும்? ஏழையும் முடித்து வந்தபோது உடுப்பின் மடிப்புக்கூடக் குலையவில்லை, பேர்ஸ் மட்டும் இல்லை.

காசு மூவாயிரம் ரூபாதான். வயிற்றெரிச்சல் அடையாள அட்டைக்கு. பொலிஸில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி வாங்க வேண்டும், பிறகு ஊரில் கிராம அலுவலரிடம் விண்ணப்பத்தோடு நிற்க வேண்டும். வங்கி அட்டையைப் போனிலேயே நிறுத்தினேன். போன் மனைவியின் கைப்பையில் இருந்தது புண்ணியம். பொலிஸில் பதிந்தவர் என் மேல்தான் கோபப்பட்டார்: "குளிக்க வரேக்க ஐடி எதுக்கு?" நியாயமான கேள்வி. அட்டையை அறையில் பூட்டிவிட்டு அதன் படம் போனில் இருந்தால் போதும் என்றார், ஆனால் வழியில் சோதனை என்றால் அசல்தான் கேட்பார்கள். அதனால் இப்போது அட்டை ஒரு இடம், காசு ஒரு இடம். அவசரத்துக்கு 119, சுற்றுலா உதவிக்கு 1912.

மூன்றாம் நாள் நிலாவெளி. அங்கேயும் சட்டை கழற்ற வேண்டும், கடலுக்கு. இந்தத் தடவை முறை வைத்து இறங்கினோம்: இரண்டு பேர் தண்ணீரில், ஒருவர் கரையில் பையோடு. புறாமலைத் தீவுக்குப் படகு பிடிக்கிற ஆசையை விட்டுவிட்டோம், மூன்று பேரும் ஒன்றாக நீந்த முடியாதே. என் முறை கரையில் வந்தபோது பக்கத்துக் குடும்பத்து ஐயா ஒருவர், "தம்பி, எங்கட சாமானையும் ஒருக்காப் பாருங்கோ" என்று பேர்ஸ், போன், மணிக்கூடு எல்லாவற்றையும் ஒரு துவாயில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு இறங்கினார். பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் திரும்பி வரும்வரை நான் அசையவே இல்லை.

திரும்பும்போது ஆட்டோவுக்குக் காசு கொடுத்தது மாமிதான். முடிச்சை அவிழ்க்க அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.