அவங்க லீவுல வர்ற வரைக்கும்

ஜனவரி 6
காணிக்கை டப்பால நூறு ரூபா கொறையுது. எண்ணி வச்சது நான்தான்.

ஜனவரி 7
பய எடுக்கலேங்கான். பைக்குள்ள புது பந்து கெடக்கு, கேட்டா கூட்டுக்காரன் தந்தான்ங்கான், மூஞ்சப் பாக்காம. மாமி அதுக்குள்ள புளிய விளாறு ஒடிச்சிட்டு வந்தாச்சி, நீதிமொழிகள் 13:24ம் சொல்லியாச்சி, பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்னு. வாங்கி பரண் மேல வச்சிட்டேன். இருந்த கோவத்துல அடிச்சா லோன் கட்டாதது, கேஸ் சிலிண்டர் தீந்தது எல்லாம் சேந்து அவன் முதுகுல விழும்.

ஜனவரி 8
தூக்கமே இல்ல. நாலு மணிக்கெல்லாம் ரப்பர் வெட்டுக்காரர் தலையில லைட்ட கட்டிட்டு விளைக்கி வந்துட்டாரு, அப்பவும் எபேசியர் 6:4தான் வாசிச்சிட்டு இருக்கேன். பிதாக்களேன்னு எழுதிருக்கு, இங்க பிதா மஸ்கட்ல, டூட்டி முடிஞ்சி வீடியோ கால்ல பத்து நிமிஷம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்னு முதல்ல சொல்லிட்டுதான் சிட்சை வருது, பிரசங்கத்துல அந்த பாதிய யாரு சொல்லுதா. அதுக்காக சும்மா விடவும் முடியாது. 1 இராஜாக்கள் 1:6, ஏன்டா இப்படி செய்தன்னு தாவீது தன் மகன் அதோனியாவ ஒருநாளும் கேக்கல, அப்பன் வயசாகிக் கெடக்கும்போதே அவன் நாந்தான் ராஜான்னு கெளம்பிட்டான். பிள்ளைகள அடக்காத ஆசாரியன் ஏலி கதைய விட இதுதான் எனக்கு பயம்.

ஜனவரி 9
ராத்திரி ஜெபத்துக்கு முட்டு போட்டப்ப தானா சொல்லிட்டான். கட்டிப் பிடிச்சேன். நூறு ரூபா நீதான் அடைக்கணும்னும் சொன்னேன்.

ஜனவரி 11
சனி. வெட்டுக்காரர்ட்ட கேட்டுட்டு பயல ஒட்டுபால் எடுக்க விட்டேன். மரத்துல வெட்டின சாலுல ரப்பர் பால் காஞ்சி ஒட்டிருக்கத நகத்தால நெம்பி விட்டா நாடா மாதிரி உரிஞ்சி வரும், சிரட்டைக்கி அடியில உள்ளதுதான் நாத்தம். கொசு வேற. மாமிக்கு ஒரே கோவம், பிள்ளைய கூலிக்காரனாக்குதியேன்னு. விளாறு ஒடிச்சிட்டு வந்த ஆளு! இப்ப பள்ளிக்கூடத்துலயே அடிக்கக் கூடாது, 2009ல சட்டம் வந்தாச்சின்னேன், அதான் ஒண்ணும் உருப்பட மாட்டேங்குங்காவ. கடையில போட்டதுல அறுபது ரூபா கெடச்சிது.

ஜனவரி 12
"அப்பாட்ட சொல்லுவியா?" நீயே சொல்லுன்னேன். மத்தியானம் மரச்சீனியும் சாளக்கறியும், தொடல.

ஜனவரி 13
லீவு தள்ளிப் போச்சாம்.

ஜனவரி 15
சொல்லிட்டான். அந்தப் பக்கம் சத்தமே இல்ல, நெட்டு போச்சோன்னு பாத்தேன். பொறவு, "மீதி எவ்வளவுலே?"
"நாப்பது."
"செரி மக்களே. நான் தர மாட்டேன், அம்மையும் தரக்கூடாது."
வச்சப்பொறவு பய நல்லா சாப்ட்டான்.

ஜனவரி 16
மாமி முந்தானைய அவுத்து நாப்பது ரூபா அவன் கையில திணிக்கத பாத்துட்டேன். இனி இதுக்கு ஒரு பஞ்சாயத்து.