கிளேர்வோ: மடமாக இருந்து சிறையான கதை

பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில், 1115-ஆம் ஆண்டு புனித பெர்னார்து தம் துணைவர்களுடன் கிளேர்வோ மடத்தை நிறுவினார். செபம், உடலுழைப்பு, மௌனம் ஆகியவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபை ஐரோப்பா எங்கும் வேரூன்றியதில் இம்மடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவிகள் வெளியேற்றப்பட்டனர். அரசுடைமையான மடம் தனியாருக்கு விற்கப்பட்டு, சில காலம் அங்கே கண்ணாடித் தொழிற்சாலை நடந்தது. 1808-இல் நெப்போலியனின் அரசு அதைத் திரும்ப வாங்கிச் சிறையாக்கியது. மடத்தின் பெருங்கோயிலோ 1812 முதல் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1839-இல் பிரான்சின் மத்தியச் சிறைகளில் கைதிகள் ஒருவரோடொருவர் பேசத் தடை விதிக்கப்பட்டது. துறவிகள் தாமே விரும்பி ஏற்ற மௌனம், அதே சுவர்களுக்குள் தண்டனையாகத் திரும்பி வந்தது. பகலெல்லாம் பட்டறைகளில் உழைத்த கைதிகள், இரவில் 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட கூண்டுகளில் தனித்தனியே அடைக்கப்பட்டனர். 'கோழிக்கூண்டுகள்' என்று பெயர் பெற்ற அவை 1971 வரை பயன்பாட்டில் இருந்தன என்பதை நம்புவதே கடினம்.

1883-இல் ஐந்தாண்டு தண்டனை பெற்ற ருஷ்யச் சிந்தனையாளர் கிரப்போத்கின் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். அரசியல் கைதிகளுக்குச் சற்றுச் சலுகை இருந்ததால், அவரும் தோழர்களும் முற்றத்துச் சுவரோரம் கிடைத்த சிறு நிலத்தில் கீரையும் முள்ளங்கியும் பயிரிட்டனர். சக கைதிகளுக்கு அவர் பாடமும் நடத்தினார். நிலத்தில் பாடுபடுவதையும் வழிபாடாகக் கருதிய துறவிகளின் மண்ணில், கடவுள் நம்பிக்கையற்ற ஒருவர் விதை தூவியதில் எனக்கு ஒரு தொடர்ச்சி தெரிகிறது.

எங்கள் பெங்களூரின் பழைய மத்தியச் சிறை, 2008-இல் ஃப்ரீடம் பார்க் ஆயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாய், அத்வானி போன்றோரை அடைத்து வைத்திருந்த அவ்விடத்தில் காவல் கோபுரத்தையும் சில கட்டடங்களையும் விட்டுவைத்திருப்பதால்தான், ஊருக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு அதன் வரலாற்றை நின்ற இடத்திலேயே சொல்ல முடிகிறது.

கிளேர்வோ சிறை 2023-இல் மூடப்பட்டு, அந்த வளாகத்தை இனி என்ன செய்வது என்ற ஆலோசனை நடந்து வருகிறது. குருப்பட்டம் பெறாமல் மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்த பொதுநிலைச் சகோதரர்கள் வாழ்ந்த 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடமும் அதன் கல் வளைவுகளும் போற்றிக் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், மடத்தின் பழைய அழகை மீட்கிறோம் என்று சொல்லி அந்தக் கூண்டுகளை அகற்றிவிடக் கூடாது. இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே அடைபட்டிருந்தவர்களும் அம்மடத்தின் வரலாற்றைச் சேர்ந்தவர்களே.