இரண்டு டிசம்பர்களின் கேள்வி

மயிலாடுதுறையில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் பல ஆண்டுகளாக என்னோடு பேசிவரும் தோழர் ஒருவர் உண்டு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுப் பலகாரத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, அதே கேள்வியை என் முன் வைப்பார். "1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். 2004 டிசம்பர் 26 காலை வேளாங்கண்ணிக்குக் கும்பிட வந்த ஜனங்களைக் கடல் கொண்டுபோனது. இரண்டும் உங்கள் பண்டிகையை ஒட்டித்தான் நடந்தன. உங்கள் ஆண்டவர் எங்கே இருந்தார் சார்?"

கடவுள் மறுப்பு சூழ்ந்த சமுதாயத்தில் விசுவாசத்துக்காக எப்படி வாதாடுவது என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் அடிக்கடி பேசுகிறோம். பிள்ளைகள் அமெரிக்கப் பேச்சாளர்களின் காணொளிகளைப் பார்த்து, பரிணாமக் கொள்கைக்கு எதிரான வாதங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். காவிரிப் படுகையில் இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இங்கே கடவுள் மறுப்பு வேறு மண்ணில் வேரூன்றியது. பெரியார் சிலைகளின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும், கடவுள் இல்லை என்று மும்முறை சொல்லும் வாசகத்தை அவர் முதன்முதலில் கூறியது 1967-இல் திருவாரூர்ப் பக்கத்து விடயபுரத்தில்தான். பண்ணையார் வயலில் விடிவதற்கு முன்பே இறங்கிய கூலிக்காரனின் முதுகையும், கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவனின் அவமானத்தையும் பார்த்தவர்கள் எழுப்பிய மறுப்பு அது. அதை அறிவியல் பாடநூலை விரித்து எதிர்கொள்ள நினைப்பது, கேட்டவரின் முகத்தையே பார்க்காமல் பேசுவதாகும்.

அப்போஸ்தலனாகிய பேதுரு எழுதிய வசனம் நாம் அறிந்ததே: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இங்கே 'உத்தரவு' என்றால் கட்டளை என்று பொருளில்லை, மறுமொழி என்றே பொருள். மூல கிரேக்கத்தில் அது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் பதிலைக் குறிக்கும் சொல். ஆகவே நாம் நிற்கும் இடம் நீதிபதியின் நாற்காலியன்று, குற்றவாளிக் கூண்டு. அங்கே நிற்பவர் முதலில் குற்றச்சாட்டை முழுவதுமாகக் காதில் வாங்க வேண்டும். இதை நம் பகுதியிலேயே செய்து காட்டியவர் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், சில ஆண்டுகளுக்குப் பின் தம் உடன் ஊழியர் குருண்ட்லருடன் சேர்ந்து, சமயம் பற்றியும் வாழ்க்கைமுறை பற்றியும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பினார். அவர்கள் தமிழில் எழுதிய மறுமொழிகளாக 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியாக்கத்தில் அச்சாகி நிலைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை என்ற கண்டனங்கள் அவற்றில் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. தம் மக்களைக் குறைகூறும் அந்தச் சொற்களை அவரும் குருண்ட்லரும் மொழிபெயர்த்துத் தாய்நாட்டுக்கே அனுப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இது வெள்ளைக்காரன் மதம்தானே என்ற கேள்விக்கும் அதே தரங்கம்பாடியிலிருந்து நம்மவர்கள் பதில் சொல்வார்கள்: 1708-இல் சீகன்பால்குவைச் சிறையில் அடைத்தவரே அன்று அவ்வூரை ஆண்ட டேனிஷ்காரர்களின் கோட்டைத் தலைவர்தான், ஏறக்குறைய நான்கு மாதம். உண்மை. ஆனாலும் பின்னாளில் மிஷனும் அரசாட்சியும் எத்தனையோ இடங்களில் கைகோத்து நடந்தன என்பதால், இதை நான் அரைப் பதிலாகவே எண்ணுகிறேன்.

தோழரின் கேள்விக்கு வருகிறேன். 2005 ஜனவரியில் அவர் அதை முதன்முறை கேட்டபோது, நாகப்பட்டினத்தில் பல நாட்கள் சடலங்களைத் தூக்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். "தேவனுடைய வழிகள் நமக்கு எட்டாதவை" என்றேன். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சேறு காயாத கைகளோடு நின்ற மனிதரிடம், அவரை வாயடைக்க மட்டுமே பயன்பட்ட வாக்கியம் அது. அதைவிடக் கொடியதை அந்நாட்களில் சிலர் பேசினார்கள். சுனாமி பாவத்துக்கான தண்டனை என்றார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற மனிதரைக் காட்டிலும் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணாதீர்கள் என்று இயேசுவே சொல்லியிருக்க, அந்தப் பிரசங்கத்தை எந்த வேதாகமத்திலிருந்து எடுத்தார்களோ!

கடல் ஏன் பொங்கியது என்பதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, வேதாகமத்தில் காரணம் தெரியாமலே துன்பப்பட்ட யோபுவிடமும் இல்லை. இப்போது நான் தோழரிடம் சொல்வது வேறு. நீங்கள் கேட்கும் இதே கேள்வியைச் சிலுவையில் தொங்கியவர் தம் வாயாலேயே கேட்டார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" நான் வணங்குகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஒருவராகவே உயிர்விட்டவர் என்பதால்தான், உங்கள் கேள்வியை நான் தேவதூஷணமாகக் கருதவில்லை என்கிறேன்.

கீழ்வெண்மணியைப் பற்றி இன்னும் உறுதியாகப் பேச முடிகிறது. 1973-இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. மனித நீதி அத்தோடு முடிந்துபோயிற்று. மரணமே எல்லாவற்றின் எல்லை என்றால், அந்தக் குடிசையில் எரிந்த குழந்தைகளின் வழக்கும் என்றென்றைக்குமாக முடிந்துவிட்டது என்றுதான் பொருள். அதைத் தோழரின் மனமே ஏற்பதில்லை என்பதை அவர் குரல் தழுதழுக்கும்போது கண்டிருக்கிறேன். செத்தவர்கள் எழுந்திருப்பார்கள், அவர்களுடைய வழக்கு மறுபடி விசாரிக்கப்படும் என்று நம்புகிறவன் நான். அது ஆறுதலுக்காகக் கட்டிய கதை என்று அவர் மறுப்பார். நியாயமான மறுப்பு. அதனால்தான் கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தாரா என்ற ஒன்றின்மீதே அப்போஸ்தலனாகிய பவுல் எல்லாவற்றையும் நிறுத்துகிறார்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா." கொரிந்தியருக்கு அவர் அதை எழுதியது ஏறத்தாழ கி.பி. 55-இல், சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. கண்டவர்களின் பெயர்களைச் சொல்லி, ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோரில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். அதாவது, போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிறார். கல்லறை வெறுமையாயிருப்பதை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் கூறுகின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்பளிக்காத காலத்தில், கதை கட்டுகிறவர்கள் அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள்.

தோழர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகவும் இல்லை. "சரி, அந்த 44 பேரும் உங்கள் சபையில் பிறந்திருந்தால் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

இதற்கு நான் வாதாடவில்லை. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டவர்கள் நம்மில் உண்டு. நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர். அவர் பாடல்களை நான் நேசிக்கிறேன். அந்த எழுத்துக்காக வெட்கப்படுகிறேன். பெண் பார்க்கும்போதும் கல்லறைக்கு இடம் ஒதுக்கும்போதும் நாம் இன்று செய்வதையும் தோழரிடம் மறைக்காமல் சொன்னேன். பவுலின் சாட்சிப் பட்டியலைவிட, இந்த ஒப்புதலைத்தான் அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனையும் திருவிருந்தும் முடிந்தவுடன், அவரோடு கீழ்வெண்மணிக்குப் பேருந்து ஏறினேன். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே செங்கொடியோடு கூடுகிறார்கள். நினைவிடத்தில் பொறித்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். தோழர் பக்கத்தில் நின்றார். திரும்பி வரும் வழியில், அந்த ஐந்நூறு பேரைப் பற்றிய பகுதி வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம், பதினைந்தாம் அதிகாரம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.