எட்டுச் சொட்டு

ஜூன் 3
தொட்டியில் இன்னொரு மீனும் போய்விட்டது. மிச்சம் கறுப்பி மட்டும். நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள், செவுள் இரத்தச் சிவப்பு. தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன்: இந்தப் புட்டியில் எட்டுச் சொட்டு, அந்தப் புட்டியில் எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம். கரும்பச்சை. மீன் கழிவில் வரும் அமோனியா 4 பிபிஎம், லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

ஜூன் 4
கொளத்தூர் மீன் கடைக்குப் போய்வந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் தொட்டித் தண்ணீரில் கலக்கும் கண்டிஷனரை நீட்டினார். "இதை ஊற்றுங்கள் அண்ணா, குளோரின், அமோனியா எல்லாவற்றையும் கட்டிவிடும்." மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஊற்றினேன். இரவும் அதே கரும்பச்சை.

ஃபில்டர் பஞ்சை அடுக்களைக் குழாயில் அலசியது நான்தான். போர் தண்ணீர் இருக்கும்போது, குளோரின் வாடை அடிக்கும் குழாயில். பளிச்சென்று ஆகும்வரை. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் இருக்கும், குளோரினில் செத்திருக்கும்.

ஜூன் 5
பாதித் தண்ணீர் மாற்றினேன். ஆறு வாளி. கல் உப்பும் போட்டேன். இடுப்பு போய்விட்டது.

ஜூன் 6
தூக்கம் வராமல் கிடந்ததில் ஒன்று உறைத்தது. என் சொட்டுச் சோதனை அமோனியாவையும், அதன் அவ்வளவு நஞ்சில்லாத வடிவமான அமோனியத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. கண்டிஷனர் லேபிளோ "நஞ்சை நீக்கும்" என்கிறது, "அகற்றும்" என்று சொல்லவில்லை. எவ்வளவு வசதி! பச்சை மாறாவிட்டாலும் கண்டிஷனர் வேலை செய்கிறது என்றே சொல்லிக்கொள்ளலாம்.

மீனைக் கொல்வது தனி அமோனியா. 28 டிகிரியில், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. 8.2 என்றால் ஏறக்குறைய பத்து. எங்கள் போர் தண்ணீர் 8.2. தனி அமோனியாவுக்கு மட்டும் நிறம் மாறும் வில்லை ஒன்று உண்டு. அதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஜூன் 7
வில்லை கிடைத்தது. கண்டிஷனரைச் சோதிக்க அளந்து கலந்த அமோனியாத் தண்ணீர் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் கேட்டேன். "ஈயம் பூசவா?" என்றார். மீனுக்காக என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். நவச்சாரம் வேறொன்றுமில்லை, அமோனியம் குளோரைடு. சமையல் தராசில் மில்லிகிராம் நிறுக்க முடியாது. அதனால் 3 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 1 மில்லியை இன்னொரு லிட்டரில் விட்டால் சுமார் 1 பிபிஎம்.

நான்கு கண்ணாடி ஜாடி, எல்லாவற்றிலும் ஒரு லிட்டர் போர் தண்ணீர், அந்தக் கரைசலில் சிரிஞ்சால் இரண்டிரண்டு மில்லி. முதலாவது வெறுமனே. இரண்டாவதில் லேபிள் அளவு கண்டிஷனர். மூன்றாவதில் ஐந்து மடங்கு. நான்காவதில் அமோனியத்தைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் கல் ஒரு பிடி.

"இனி எதில்டா ஊறுகாய் போடுவது?" என்கிறாள் அம்மா.

ஜூன் 8
நான்கு ஜாடித் தண்ணீரிலும் சொட்டு விட்டேன். தங்கையை விட்டுச் சோதனைக் குழாய்களை இடம் மாற்றி அடுக்கச் சொன்னேன். நான்காவதை மட்டும் உடனே எடுத்துவிட்டேன். அமோனியா இல்லை என்று காட்டும் மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. மற்ற மூன்றில் எது எது என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவளும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

வில்லையை முதல் ஜாடியில் அரை நாள், அலசி இரண்டாவதில் அரை நாள். இரண்டிலும் ஒரே நீலப்பச்சை. நஞ்சை எங்கே நீக்கியது?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் சோதித்தால் மஞ்சள் வருகிறது, கண்டிஷனர் கலந்தபின் சோதித்தால் வரவே இல்லை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. பஞ்சை அலசிய அன்று அது என்னிடம் இருந்திருந்தால்...

ஜூன் 9
ஜியோலைட்டைத் தொட்டியில் போடவும் வழியில்லை. உப்புத் தண்ணீரில் அது பிடித்த அமோனியத்தையே திருப்பி விட்டுவிடும். உப்பைப் போட்டதும் நான்தான். மீண்டும் ஆறு வாளி. அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றட்டுமா என்றாள் அம்மா. வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

ஜூன் 10
எதிர்வீட்டுப் பையன் தன் கப்பி மீன் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தான். பிழிந்தால் வடிகட்டாத காப்பி போல இறங்கியது. இதைத்தான் அன்று சாக்கடையில் விட்டேன்.

ஜூன் 11
அதே பச்சை.

ஜூன் 12
இரவு 11. அமோனியா ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே என்று தோன்றுகிறது. டியூப் லைட்டில் எல்லாப் பச்சையும் ஒன்றுதான். கறுப்பி மேலே இல்லை, அடியில் கிடக்கிறாள். வால் அசைகிறது. சோதனைக் குழாயை அப்படியே வைத்திருக்கிறேன், காலை புதிதாக ஒன்று கலந்து வெயிலில் பார்க்க வேண்டும்.