சுங்கத்துறைமுகம் அல்லாத இடத்தில் கப்பலையோ விமானத்தையோ கொண்டுவருவது

வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலோ விமானமோ இந்தியாவில் முதலில் தொடும் இடம், அறிவிக்கப்பட்ட சுங்கத்துறைமுகமாக அல்லது சுங்க விமானநிலையமாக இருக்க வேண்டும். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்வது இதுதான். வேறிடம் என்றால் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் அனுமதி வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஜெட்டி (படகுத்துறை) உரிமையாளரோ விமானப் போக்குவரத்துத் துறையோ கொடுத்த அனுமதி, சுங்க அனுமதி ஆகாது. குடியேற்றச் சோதனையும் தனி வேலை. 'முதலில் சென்னையைத் தொட்டுவிட்டோம், இனி எங்கும் இறக்கலாம்' என்பதும் தவறு. சரக்கை இறக்கும் இடத்துக்கு 8ஆம் பிரிவின்கீழ் தனி ஒப்புதல் தேவை. சுங்கத்துறைமுகத்துக்கு வெளியே இறக்கினால், இறக்க முயன்றாலே கூட, 111ஆம் பிரிவின்படி சரக்கு பறிமுதலுக்கு உள்ளாகும்.

புயல், விபத்து போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் ஒதுங்க நேர்ந்தால் முன் அனுமதி வேண்டாம். ஆனால் கேப்டன் உடனே அருகிலுள்ள சுங்க அதிகாரிக்கோ காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ தகவல் தர வேண்டும். அந்த அதிகாரி கேட்டால், பயண விவரங்களைப் பதியும் லாக் புக்கைக் காட்ட வேண்டும். அவர் சம்மதிக்கும்வரை சரக்கு இறங்கக்கூடாது, பயணிகளும் மாலுமிகளும் அவ்விடத்தை விட்டு விலகக்கூடாது. உயிரோ உடைமையோ ஆபத்தில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. மூழ்கும் கப்பலில் யாரும் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வந்திறங்கிய நேரத்தையும் தகவல் சொன்ன நேரத்தையும் லாக் புக்கில் எழுதிவையுங்கள்.